கடைசி வரிசை வரை போகாத காரைக்கால் பயணம்

போன வாரம் ஒரு வாசகி மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். வெளிநாட்டு உதவியில் நடக்கும் சின்ன நிறுவனம் ஒன்றில் வேலை. மொத்தமே நாலு பேராம். அடுத்த மாதம் காரைக்கால் கடலோர ஊர்களில் வீடு வீடாகத் தகவல் எடுக்க உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போகிறார்கள். உடல் குறைபாடு உள்ளவர்கள், தனியாக வாழும் பெண்கள், வயதானவர்கள் என்று யாரும் விடுபடாமல் கணக்கெடுப்பது எப்படி என்ற பயிற்சி. எப்படிப் போவது, எங்கே தங்குவது என்றெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்: "உங்கள் வலைப்பூவில் தரங்கம்பாடி இருக்கிறது, நாகூர் இருக்கிறது, வேளாங்கண்ணி இருக்கிறது. நடுவில் காரைக்கால் மட்டும் ஏன் இல்லை?"

நியாயமான கேள்வி. வெட்கம்தான் காரணம். இத்தனை வருடமாக அந்த ஊரைச் சுற்றிக்கொண்டு போய், எதிரே வரும் கடன்காரனைப் பார்த்துச் சந்துக்குள் நுழைகிறவன் மாதிரி எழுதிக்கொண்டிருந்தேன். அந்த வாசகி செய்யப்போகிற அதே வேலையைத்தான் நானும் அங்கே செய்யப் போனேன். ஆகவே இந்தத் தடவை வழி, நேரம், கட்டணம் எல்லாவற்றோடும் அதையும் எழுதிவிடுகிறேன்.

1984 தை மாதக் கடைசி. அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. திருச்சியில் ஒரு சின்ன நிறுவனத்தில் இருந்தேன். இயக்குநர், தட்டச்சு செய்கிற அம்மா, டிரைவர், நான். ஐரோப்பாவில் எங்கோ ஒரு ஊர்க்காரர்கள் சேர்ந்து பணம் அனுப்புவார்கள். அதற்கு முந்தைய ஐப்பசி கார்த்திகையில் பேய் மழை. காரைக்கால் கடலோரத்தில் நிறையக் குடிசைகள் சரிந்துபோயிருந்தன. மூங்கிலும் கீற்றும் கொடுக்க அவர்கள் தயார். யார் யாருக்கு என்று பட்டியல் வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் தபாலில் சேர்க்க வேண்டும். பட்டியலில் பெயர் இருந்தால் கூரை, இல்லாவிட்டால் இல்லை. அவ்வளவு எளிய ஏற்பாடு.

அதோடு இன்னொரு வேலையும் என் தலையில் கட்டியிருந்தார்கள். அந்தப் பக்கத்துச் சின்னச் சின்ன அமைப்புகளில் வேலை செய்கிறவர்களுக்கு மூன்று நாள் பயிற்சி. அப்போதுதான் நான் பெங்களூரில் ஆறு வாரம் படித்துவிட்டு வந்திருந்தேன். 'பயிற்சியாளர்' என்று யாராவது கூப்பிட்டால் காது குளிரும். ஒரு பெரிய சார்ட் தாளில் சிவப்பு மையில் 'ஒருவரும் விடுபடக் கூடாது' என்று எழுதிச் சுருட்டிக் கையோடு எடுத்துப் போனேன். காரைக்கால் போகிறேன் என்றதும் டிரைவர் கண்ணடித்து, "பை காலியா இருக்குல்ல சார்?" என்று கேட்டார். புதுச்சேரி மாநில எல்லைக்குள் சரக்கு மலிவு என்பது அன்றைக்கும் ஊரறிந்த விஷயம்.

திருச்சியில் காலை 5.40 பாசஞ்சர். மயிலாடுதுறையில் இறங்கும்போது 9.50. அங்கிருந்து திருவாரூர் வண்டியில் பேரளம். பேரளத்தில் காரைக்கால் வண்டி மாறவேண்டும். இருபத்து மூன்று கிலோமீட்டர் போக ஒன்றேகால் மணி நேரம். ரயில் டிரைவர் நடுவில் இறங்கி டீ குடித்துவிட்டு ஓடி வந்தாலும் வண்டியைப் பிடித்துவிடலாம் போன்ற வேகம். இரண்டு பக்கமும் தாளடி நெல் அறுப்புக்கு நின்றது. அம்பகரத்தூர், திருநள்ளாறு தாண்டிக் காரைக்கால் சேர்ந்தது பிற்பகல் 1.25.

ஸ்டேஷன் வாசலில் ஒரு குதிரை வண்டி நின்றது. வண்டிக்காரர் காதர் பாய், ஐம்பது வயதிருக்கும். "எங்க போவணும் தம்பி? மேரிக்கா, கோர்ட்டுக்கா?" என்றார். மேரி என்றால் நகராட்சி அலுவலகம். பிரெஞ்சுக்காரன் போய் முப்பது வருடம் ஆகியும் அந்தப் பெயர் போகவில்லை. மாதா கோயில் பின்னால் இருக்கிற ஹால் என்றேன். "அங்கயா? கணக்கெடுக்கிற சாரா நீங்க? அமலோற்பவம் டீச்சர் சொன்னாங்க. ஏறுங்க" என்றார். இரண்டு ரூபாய். பேரம் பேசினேன், ஒன்றரைக்கு வந்தார். பஸ் நிலையம் அருகே லாட்ஜ், நாளுக்குப் பதினெட்டு ரூபாய், கொசுவலை தனியாக ஒரு ரூபாய்.

இனி அமலோற்பவம் டீச்சர். முப்பத்தாறு வயது. நெடுங்காடு பக்கம் விவசாயக் கூலிகளின் பிள்ளைகளுக்கான பால்வாடி ஒன்றில் வேலை. சிறு வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போனது. ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு நடப்பார். பயிற்சிக்கு வந்த பதினோரு பேரில் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

முதல் இரண்டு நாளும் நான் வெளுத்து வாங்கினேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சார்ட்டைச் சுவரில் ஒட்டினேன். படிவத்தில் 'ஊனமுற்றோர்' என்ற கட்டத்தை எப்படிக் கேட்டு நிரப்புவது என்று அரை நாள் பேசினேன். படிவத்தின் அடியில் இரண்டு கோடுகள் உண்டு. ஒன்றில் கணக்கெடுத்தவர் கையெழுத்து, இன்னொன்றில் பயிற்சியாளர் கையெழுத்து. "இந்த ரெண்டு கையெழுத்தும் இல்லாத தாள் தாளே இல்லை" என்று பல தடவை சொன்னேன். டீச்சர் ஒரு சந்தேகம் கேட்டார்.

"சார், கதவு திறக்கலன்னா என்னன்னு எழுதணும்?"

"பூட்டிய வீடுன்னு எழுதுங்க."

"இங்க பாய்மாருங்க தெருவுல ஆம்பளைங்க பாதிப் பேரு அரபு நாட்ல இருக்காங்க சார். வேத்து ஆம்பளை போய்க் கூப்பிட்டா கதவு திறக்க மாட்டாங்க. உள்ள ஆளு இருக்கும். அதுவும் பூட்டின வீடும் ஒண்ணுங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "படிவத்துல அவ்வளவுதான் இடம் இருக்கு டீச்சர்" என்றேன். அவர் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். அன்றைக்கு அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

மூன்றாம் நாள் வியாழக்கிழமை. செய்முறையும் உண்மையான பட்டியலும் ஒன்றாக. வடக்கே மண்டபத்தூர் போகிற பக்கம் ஒரு மீனவர் ஊர். கருக்களாச்சேரி என்ற இன்னொரு மீனவர் ஊரில் வேறொரு நிறுவனம் வேலை செய்துகொண்டிருந்ததால் எங்களுக்கு இந்தப் பக்கம் வந்தது. ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. தப்பு ஊருடையது அல்ல, என்னுடையது. காரைக்காலிலிருந்து பஸ்ஸில் எட்டுக் கிலோமீட்டர், எண்பது பைசா. இறங்கி மணலில் ஒன்றரைக் கிலோமீட்டர் நடை.

புறப்படும்போது அமலோற்பவம் டீச்சரும் பையை மாட்டிக்கொண்டு நின்றார். நான் கனிவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னேன்: "டீச்சர், மணல்ல உங்களுக்குக் கஷ்டம். நீங்க ஹால்லயே இருங்க. நாங்க படிவம் கொண்டு வந்ததும் கூட்டிப் போட்டுக் குடுங்க." அவர் பின்னால் சுவரில் சிவப்பு மையில் அந்த வாசகம். பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எனக்குப் பழக்கந்தான் சார்" என்றார். "பரவாயில்லை, இருங்க" என்றேன். பையைக் கழற்றிப் பெஞ்சின் மேல் வைத்தார். வருவதா வேண்டாமா என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

ஊருக்குப் போய்ச் சேர்ந்தது 9.15. ஊர்த் தலைவர் கோயில் முன்னால் பாய் விரித்து, எல்லாருக்கும் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். மரியாதைக்குக் குறைவில்லை. ஊர்க் கணக்கு நோட்டை எடுத்து வைத்தார். நூற்றுப் பதினெட்டு தலைக்கட்டு, ஒவ்வொரு பெயராக, கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. எனக்கு ஒரே குஷி. ஊரே எடுத்து வைத்திருக்கிற கணக்கு இருக்கும்போது நாம் எதற்கு அலைய வேண்டும்? நோட்டைப் பார்த்துப் பெயர் எழுதுங்கள், ஆட்களைக் கூப்பிட்டு மற்றக் கேள்விகளைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன். வரிசையில் வந்து நின்றவர்கள் எல்லாரும் ஆண்கள். பதினொன்றரைக்கு முக்கால்வாசி முடிந்துவிட்டது.

அப்போது கூடையோடு இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். முன்னால் வந்தவர் பெயர் காத்தாயி. நாற்பது வயதிருக்கும். பின்னால் நின்றவர் அவருடைய தங்கை. அவருக்குப் பேச்சும் வராது, காதும் கேட்காது. கருவாடு காயப் போட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

"ஏங்கய்யா, எங்க வூட்ட எழுதலீங்களா?" என்றார் காத்தாயி.

நான் தலைவரைப் பார்த்தேன். அவர் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். "கடலுக்குப் போற, கல்யாணமான ஆம்பளை ஒரு தலைக்கட்டுங்க. ஊருக்கு வரி கட்டறது அவன். ஊருக்கு எது வந்தாலும் பங்கு போறதும் அவனுக்குத்தான். இவ புருசன் கடல்ல போனதோட அந்தத் தலைக்கட்டு போச்சு. இவங்களையெல்லாம் பட்டினி போட மாட்டோம், கரையில மீன் போடுவோம். ஆனா நோட்ல பேரு இருக்காது."

"இதுபோல இன்னும் இருக்காங்களா?"

"அந்தக் கடைசி வரிசை பூரா அப்படித்தாங்க. ஒரு இருபது வூடு இருக்கும். புருசன் செத்தவங்க, புருசன் விட்டுட்டுப் போனவங்க, கை கால் போயி கடலுக்கு எறங்க முடியாதவங்க. நீங்க எழுதணும்னா எழுதிக்குங்க. எங்களுக்கு ஒண்ணும் இல்ல."

நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள். தலைவர் மறுக்கவில்லை. எழுதிக்கொள்ளச் சொன்னார். அவர் கொடுத்தது தலைக்கட்டுக் கணக்கு, அதுவே போதும் என்று எடுத்துக்கொண்டவன் நான். கடைசி வரிசை அங்கிருந்து அரைக் கிலோமீட்டர். காத்தாயி கை நீட்டிக் காட்டினார். கடலை ஒட்டி, பாதிக் கூரை இல்லாமல், தெரிந்தது.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி 11.50. தார் ரோட்டில் தரங்கம்பாடி பஸ் 12.25க்கு. தரங்கம்பாடி அங்கிருந்து ஏழு கிலோமீட்டர்தான். டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையைப் பார்க்க வேண்டும் என்று பெங்களூரிலேயே முடிவு செய்திருந்தேன். நண்பரிடம் கேமரா இரவல் வாங்கி வந்ததே அதற்குத்தான்.

"அப்புறமா வந்து எழுதிக்கிறேம்மா" என்றேன்.

"வருவீங்கள்ல?" என்றார் காத்தாயி.

"வருவேன்."

அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. கேமராவை எடுத்து இரண்டு பேரையும் கூடையோடு நிற்க வைத்து ஒரு படம் எடுத்தேன். அந்தத் தங்கை கேமராவைப் பார்த்துச் சிரித்தார். பயிற்சிக்கு வந்தவர்களிடம், "எனக்கு ஒருத்தரைப் பார்க்க வேண்டியிருக்கு, நீங்க முடிச்சிட்டு ஹாலுக்குப் போங்க" என்று பொய் சொல்லிவிட்டுப் பஸ்ஸைப் பிடித்தேன்.

இந்த வலைப்பூவில் 'அலையும் கோட்டையும்' என்ற தலைப்பில் ஒரு தரங்கம்பாடிக் கட்டுரை இருக்கிறது. நிறையப் பேர் பாராட்டி எழுதியிருக்கிறீர்கள். கோட்டைச் சுவரில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், மனசு லேசானது என்றெல்லாம் அதில் அளந்திருக்கிறேன். அந்த மத்தியானம் இந்த மத்தியானம்தான். நான் பார்த்துக்கொண்டிருந்த அதே கடலின் கரையில், ஏழு கிலோமீட்டர் தெற்கே, நான் வருவேன் என்று இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

ஹாலுக்குத் திரும்பும்போது 5.30. மற்றவர்கள் போய்விட்டிருந்தார்கள். அமலோற்பவம் டீச்சர் மட்டும் படிவங்களை அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூட்டல் எல்லாம் முடித்து, அடிக்கோடு போட்டு வைத்திருந்தார்.

"ஒண்ணு கேக்கலாங்களா சார்? நூத்திப் பதினெட்டு வீடு. ஒரு வீட்டுலகூட குடும்பத் தலைவி இல்ல. ஊனமுற்றோர் கட்டம் பூராவும் சைபரு. கடல்ல சாவே விழாத ஊருங்களா சார் அது?"

எனக்குச் சுருக்கென்றது. சுருக்கென்றால் மனிதன் இறங்கி வர வேண்டும். நான் ஏறினேன். "படிவத்துல இருக்கறதைக் கூட்டறதுதான் உங்க வேலை டீச்சர்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "நாளைக்கு ஒரு நாள் குடுங்க சார். திங்கக்கெழமை தபால்ல போட்டா என்ன? நான் போய் எடுத்துட்டு வந்துடறேன்."

"நீங்க எப்படிப் போவீங்க?"

கேட்கும்போது என் கண் தானாக அவர் காலுக்குப் போனது. அதை அவரும் பார்த்தார். கம்பை எடுத்துக்கொண்டு, "வர்றேன் சார்" என்று கிளம்பினார். வாசற்படி இறங்கும்போது கம்பு கல்லில் தட்டுகிற சத்தம் கேட்டது. கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அதற்கு அரை நிமிடம் போதும்.

மறுநாள் காலை 10.05க்குத் தபாலாபீசில் பட்டியலைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். கூடவே ஒரு குறிப்பு: 'ஊர் முழுவதும், ஒரு வீடும் விடுபடாமல்.' பதினொரு மணிக்கு ஹாலில் நிறைவு விழா, எனக்கு மாலை. டீச்சர் வரவில்லை. கோபித்துக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், நிம்மதியாகவும் இருந்தது. சுவரில் ஒட்டியிருந்த சார்ட்டும் இல்லை. யாரோ கிழித்துக் குப்பையில் போட்டிருப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

பேரளம் வண்டி 2.10க்கு. 1.50க்கு ஸ்டேஷன் வாசலில் காதர் பாயின் குதிரை வண்டி வந்து நின்றது. டீச்சர் இறங்கினார். முழங்கால் வரை சேலை நனைந்து மணல் அப்பியிருந்தது. முகம் வெயிலில் கன்றிப்போயிருந்தது. கையில் அந்தச் சார்ட், சுருட்டி நூல் போட்டுக் கட்டியிருந்தது.

"விடியக்காலையில ஆறு மணிக்கே போயிட்டோம் தம்பி" என்றார் காதர் பாய். "மணல்ல வண்டி எறங்காதுன்னேன். எறங்குற வரைக்கும் போங்க பாய், மிச்சம் நான் நடக்குறேன்னாங்க. ஒரு வூடு விடல. கடல்ல மவுத்தாப் போன ஆம்பளைங்க பேரெல்லாம் கேட்டுக் கேட்டு எழுதுனாங்க."

சார்ட்டின் பின்பக்கம் முழுக்க பென்சிலால் கோடு போட்டு, படிவத்தில் இருக்கிற கட்டங்களையெல்லாம் கையால் வரைந்திருந்தார். புதுப் படிவங்கள் என்னிடம் பூட்டிய பெட்டியில் அல்லவா இருந்தன? இருபத்து மூன்று வீடு. முதல் பெயர் காத்தாயி. அடியில் 'கணக்கெடுத்தவர்' என்ற இடத்தில் 'அ. அமலோற்பவம்'. பக்கத்தில் இன்னொரு கோடு, 'பயிற்சியாளர்'.

"நீங்க சொன்னீங்கள்ல சார், ரெண்டு கையெழுத்தும் வேணும்னு. இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க. பின்னாடியே அனுப்பிச்சிடலாம்" என்றார்.

சட்டைப் பையில் பேனா இருந்தது. ஆனால் அன்று காலைதான் 'ஒரு வீடும் விடுபடாமல்' என்று எழுதி அனுப்பியிருந்தேன். "வண்டி வந்துடும் டீச்சர். ஊருக்குப் போய்ப் போட்டு அனுப்பிடறேன்" என்று வாங்கிக்கொண்டேன். "கட்டாயம் சார்" என்றார். காதர் பாய் அன்றைக்கு டீச்சரிடம் வாடகை வாங்கவில்லை என்று பிறகு தெரிந்தது. வந்த அன்று அவரிடம் அரை ரூபாய்க்குப் பேரம் பேசியவன் நான்.

திருச்சியில் இயக்குநர் தோளில் தட்டி, "மூணே நாள்ல முடிச்சிட்டியேப்பா!" என்றார். இந்தத் தாளை நீட்டினால் முதல் தடவை ஏன் விடுபட்டது என்று கேட்பார். தரங்கம்பாடியைச் சொல்ல வேண்டும். இன்றைக்கு வேண்டாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். நாளை வாரமானது, வாரம் மாதமானது. பங்குனியில் லாரியில் மூங்கிலும் கீற்றும் போயின, நூற்றுப் பதினெட்டு வீட்டுக்கு. வழங்கும் உத்தரவில் கையெழுத்துப் போட்டதும் நான்தான். அதற்கு மட்டும் பேனா எழுதியது.

அந்த வருட ஆண்டறிக்கையின் அட்டையில் நான் எடுத்த படம் வந்தது. கூடையோடு நிற்கிற அக்காவும் தங்கையும். பட்டியலில் இடம் கிடைக்காதவர்களுக்கு அட்டையில் இடம் கிடைத்தது. படம் பிரமாதம் என்று வெளிநாட்டிலிருந்து கடிதம் வந்தது. அதைச் சட்டம் போட்டு என் மேஜைக்கு மேல் மாட்டினார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மூன்று வருடம் கழித்து நாகூரில் ஒரு நண்பர் வீட்டுக் கல்யாணம். அதற்குள் நான் அந்த வேலையை விட்டிருந்தேன். பேரளம் வண்டியை நிறுத்தப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டதால், கடைசியாக ஒரு தடவை ஏறிப் பார்ப்போம் என்று அந்த வழியாகப் போனேன். இறங்கியதும் கால் தானாக மாதா கோயில் பக்கம் போனது. ஹாலில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. கரும்பலகை முன்னால் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தபடி அமலோற்பவம் டீச்சர் பேசிக்கொண்டிருந்தார். எதிரே பன்னிரண்டு பேர், இரண்டு மூன்று சின்ன நிறுவனங்களிலிருந்து வந்தவர்கள். பாதிப் பேர் பெண்கள். ஒரு கண்பார்வை இல்லாத இளைஞரும் இருந்தார்.

பலகையில் ஒரு ஊரின் படம். கடல் மேலே, கோயில் கீழே. "தலைவரைப் பாருங்க, வணக்கம் சொல்லுங்க, அவரு நோட்டையும் வாங்கிக்குங்க. ஆனா எழுத ஆரம்பிக்கிறது கோயில்கிட்ட இல்ல, இங்க" என்று கம்பின் நுனியால் கடலோர வரிசையைத் தொட்டார். "தண்ணிக் குழாய்கிட்ட நில்லுங்க. எந்த வூட்ல யாரு வெளிய வர்றதில்லன்னு பொம்பளைங்க சொல்லுவாங்க. நோட்ல இருக்கறவங்கள அப்புறம் எழுதலாம், அவங்க எங்கயும் போயிட மாட்டாங்க." கதவு திறக்காத வீட்டுக்குப் படிவத்தில் தனியாக ஒரு கட்டம் போட்டு வைத்திருந்தார்.

பின்னால் நின்ற என்னைப் பார்த்துவிட்டார். ஓடி ஒளியலாமா என்றுதான் இருந்தது. "வாங்க சார், வாங்க!" என்று எழுந்து, எல்லாரிடமும் சொன்னார்: "இவருதான் எனக்கு இந்த வேலையச் சொல்லிக் குடுத்த சார்." கேலியாகச் சொல்லவில்லை. அந்த முகத்தில் கேலியே இல்லை. பன்னிரண்டு பேரும் எழுந்து வணக்கம் சொன்னார்கள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

டீ குடிக்கும்போது நானாகக் காத்தாயியைப் பற்றிக் கேட்டேன். "இங்க இல்லீங்க சார். அடுத்த மழையில அந்தக் குடிசையும் போயிடுச்சு. தங்கச்சிய அழைச்சுக்கிட்டு கொச்சி பக்கம் இறால் உரிக்கிற கம்பெனிக்குப் போயிட்டா. விலாசம் யாருகிட்டயும் இல்ல." டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "அந்தத் தாளு போய்ச் சேந்துச்சுங்களா சார்? வரிசையில எல்லாரும் வந்து வந்து கேட்டாங்க. தாளு போயிடுச்சு, வெளிநாட்டுக்காரங்கதான் குடுக்கலன்னு சொல்லிட்டேன். அப்படித்தானுங்களே?"

"ஆமா டீச்சர்" என்றேன்.

அவர் தலையாட்டினார். நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. இருபத்து மூன்று வீட்டுக்கும் எனக்காக அவர் சொன்ன சமாதானம் பொய் என்று தெரிந்தும் ஆமாம் போட்டேன். என் பொய்யை அவர் நாக்கில் வைத்துவிட்டேன், அவருக்கே தெரியாமல். அதற்குப் பிறகு நான் காரைக்காலில் இறங்கியதில்லை.

வாசகிக்கு வழி சொல்லிவிடுகிறேன். அந்தப் பழைய ரயில் பாதை அந்த எண்பதுகளிலேயே நின்றுபோனது. இப்போது மறுபடி தண்டவாளம் போட்டிருக்கிறார்கள் என்று கேள்வி, கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மயிலாடுதுறையிலிருந்து பஸ். சனிக்கிழமை போகாதீர்கள். திருநள்ளாறு கூட்டத்தில் அறையும் கிடைக்காது, பஸ்ஸில் நிற்க இடமும் கிடைக்காது. ஐப்பசி கார்த்திகையைத் தவிர்த்தால் மழைத் தொல்லை இல்லை. மணலில் நடக்க ரப்பர் செருப்பு போதும். யாருக்கு நடக்கக் கஷ்டம் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள், அவர்களைக் கேளுங்கள். படிவங்களைப் பூட்டி வைக்காதீர்கள். கடைசி வரிசையில் ஆரம்பியுங்கள். பக்கத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். தரங்கம்பாடி இருக்கிறது, நன்றாகத்தான் இருக்கும். பட்டியல் முடிந்த பிறகு போங்கள்.

இதை எழுதுவதற்காகப் பரண் மேலிருந்து அந்தச் சார்ட்டை இறக்கினேன். சிவப்பு மை வெளிறி ரோஜா நிறமாகிவிட்டது. பின்பக்கத்துப் பென்சில் எழுத்து அப்படியே இருக்கிறது. இருபத்து மூன்று வீடு, எல்லாக் கட்டமும் நிரப்பியிருக்கிறது. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இப்போது போட்டு யாருக்கு அனுப்புவது? பயிற்சியாளர் என்ற கோடு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.